தலையில் அடிபட்ட பிள்ளை: வீட்டிலும் மைதானத்திலும் நாம் செய்ய வேண்டியவை



பெருநாள் விடுமுறை விளையாட்டுப் போட்டிகளுக்கு இன்னும் சில வாரங்களே இருக்கின்றன. கபடிக்கும் கிரிக்கெட்டுக்கும் பெயர் கொடுத்த பிள்ளைகளின் பட்டியல் அலுவலகத்துக்கு வந்துவிட்டது. அதைச் சரிபார்க்க உட்கார்ந்தபோதுதான் இந்த மாதப் பாடத்துக்கு இந்தப் பொருளை எடுப்பது என்று முடிவு செய்தோம். சர்க்கரை, இரத்த அழுத்தம், டெங்கு என்று பலமுறை எழுதியிருக்கிறோம். பிள்ளைகளின் தலையில் படும் அடியைப் பற்றி இதுவரை ஒரு பக்கம்கூட எழுதியதில்லை. அடி படாத பிள்ளை இல்லை என்பதால் நம் வீடுகளில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதும் இல்லை. இரத்தம் வந்தால் பதறுகிறோம், வராவிட்டால் தேய்த்துவிட்டு அனுப்பிவிடுகிறோம்.

மண்டையோடு உடையாமல், தோல் கிழியாமல், உள்ளே மூளை மட்டும் குலுங்கிப்போவதை மருத்துவர்கள் கன்கஷன் என்கிறார்கள். தமிழில் மூளை அதிர்வு என்று சொல்லலாம். மூளை மிக மென்மையான உறுப்பு. மண்டையோட்டுக்குள் ஒரு திரவத்தில் மிதந்தபடி இருக்கிறது. தலை வேகமாக ஒரு பக்கம் போய்த் திடீரென நிற்கும்போது, உள்ளே இருக்கும் மூளை சற்றுப் பிந்தி நகர்ந்து இழுபடுகிறது, முறுகுகிறது. மெல்லிய நரம்பு இழைகள் நீட்சியடைகின்றன. அணுக்களுக்கு உள்ளே இருக்க வேண்டிய பொட்டாசியம் வெளியே கசிகிறது, வெளியே இருக்க வேண்டிய கால்சியம் உள்ளே புகுகிறது. இந்தக் குழப்பத்தைச் சரிசெய்ய மூளைக்கு வழக்கத்தைவிட அதிக ஆற்றல் தேவைப்படுகிறது. அதே நேரத்தில் அதற்குப் போகும் இரத்த ஓட்டமோ குறைந்துவிடுகிறது. வரவு குறைந்த மாதத்தில் செலவு கூடியதுபோலத்தான். அடிபட்ட பிள்ளை சில நாட்கள் களைத்துப்போய், எரிச்சலாக, மந்தமாக இருப்பதன் காரணம் இதுதான்.

தலையில் நேரடியாக அடி பட வேண்டும் என்பதுகூட இல்லை. பைக் திடீரென நின்று கழுத்து முன்னும் பின்னும் வெட்டி இழுத்தாலும், கீழே விழுந்து முதுகு தரையில் மோதினாலும் மூளை குலுங்கும். பிள்ளைகளுக்கு உடலின் அளவோடு ஒப்பிட்டால் தலை பெரியது, கழுத்துத் தசைகளோ வலுக் குறைந்தவை. அதனால் பெரியவர் ஒருவர் தாங்கிக்கொள்ளும் அதே மோதல் பிள்ளையின் தலையைக் கூடுதலாக ஆட்டிவிடும்.

மயக்கம் வரவில்லையே என்று ஆறுதல்படக் கூடாது

நம்மிடம் உள்ள தவறான எண்ணங்களில் முதலாவது இது. பத்துப் பிள்ளைகளுக்கு மூளை அதிர்வு ஏற்பட்டால் அதில் நினைவிழப்பது ஒருவராக இருந்தால் பெரிது. மற்ற ஒன்பது பேரும் எழுந்து நிற்பார்கள், நடப்பார்கள், சிலர் ஓடவும் செய்வார்கள்.

இரண்டாவது, ஸ்கேன் பற்றியது. "சிடி எடுத்தோம், ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்" என்று நிம்மதியாகச் சொல்பவர்கள் உண்டு. சிடி ஸ்கேன் இரத்தக் கசிவையும் எலும்பு முறிவையும் காட்டும். மூளை அதிர்வில் நரம்பு இழைகளுக்கு ஏற்படும் பாதிப்பு அதில் தெரியாது. ஸ்கேன் நன்றாக இருந்தால் உயிருக்கு உடனடி ஆபத்து இல்லை என்று பொருள். பிள்ளை நாளைக்கே விளையாடலாம் என்று பொருள் அல்ல. இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அடிபட்ட எல்லாப் பிள்ளைக்கும் ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும் என்று மருத்துவரிடம் சண்டை பிடிப்பதும் சரியில்லை. சிடியில் கதிர்வீச்சு உண்டு. பிள்ளையைப் பரிசோதித்துவிட்டு, "இப்போது வேண்டாம், சில மணி நேரம் வைத்துப் பார்ப்போம்" என்று ஒரு மருத்துவர் சொன்னால் அவர் தன் வேலையைச் சரியாகச் செய்கிறார்.

அப்படியானால் எதைப் பார்த்துக் கண்டுபிடிப்பது? தலைவலி முதல் அடையாளம். அதோடு குமட்டல், தலைசுற்றல், கண் மங்கல், வெளிச்சமும் சத்தமும் தாங்காமை. பிள்ளை எழுந்து நின்றவுடன் தடுமாறும், முகத்தில் ஒரு வெறித்த பார்வை இருக்கும். கேட்ட கேள்விக்குத் தாமதித்துப் பதில் சொல்லும், அல்லது சொன்னதையே திரும்பத் திரும்பக் கேட்கும். அடிபடுவதற்குச் சற்று முன் நடந்தது நினைவிருக்காது. வீட்டுக்கு வந்த பிறகு காரணமில்லாமல் அழுவது, தம்பி தங்கைமீது எரிந்து விழுவது, வழக்கத்தைவிட அதிகமாகத் தூங்குவது, அல்லது தூக்கமே வராமல் புரள்வது எல்லாம் இதில் சேரும். "உம்மா, தலைக்குள்ள என்னமோ மூட்டமா இருக்கு" என்று பிள்ளை சொன்னால், அதைவிடத் தெளிவாக ஒரு பிள்ளையால் சொல்ல முடியாது.

பேசத் தெரியாத குழந்தைகள் விஷயத்தில் பெற்றவளின் கண்தான் ஸ்கேன். கட்டிலிலிருந்தோ தொட்டிலிலிருந்தோ விழுந்த குழந்தை எவ்வளவு தேற்றினாலும் அழுகையை நிறுத்தாதது, பால் குடிக்க மறுப்பது, பிடித்த பொம்மையைக்கூட ஏறெடுத்துப் பார்க்காதது, நடக்கப் பழகிய குழந்தை மறுபடி தள்ளாடுவது ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை உயரத்திலிருந்து விழுந்தாலோ, தலையில் பெரிய வீக்கம் தெரிந்தாலோ, குறிப்பாக நெற்றியில் அல்லாமல் பக்கவாட்டிலோ பின்புறமோ மெத்தென்று வீங்கினாலோ, வீட்டில் வைத்துப் பார்க்காமல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். வாக்கர் என்ற சக்கர நடைவண்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. குழந்தை பிறந்தால் அன்பளிப்பாக அதை வாங்கிக் கொடுப்பது நம் ஊரில் வழக்கமாகிவிட்டது. அதோடு படியில் உருண்டு தலையில் அடிபடும் குழந்தைகள் ஏராளம் என்பதால் கனடா 2004ல் அதன் விற்பனையையே தடை செய்துவிட்டது. அன்பளிப்பாகக் கொடுக்க வேறு பொருள்கள் இருக்கின்றன.

இன்றைக்கு நன்றாக இருந்தான், நாளைக்கு?

மூளை அதிர்வின் அடையாளங்கள் அடிபட்ட நிமிடமே வந்துவிட வேண்டியதில்லை. சில மணி நேரம் கழித்தும் வரலாம், மறுநாளும் வரலாம். கிரிக்கெட் பார்க்கும் நம் இளைஞர்களுக்கு 2019 ஆகஸ்டில் லார்ட்ஸ் மைதானத்தில் நடந்த ஆஷஸ் டெஸ்ட் நினைவிருக்கும். ஜோஃப்ரா ஆர்ச்சரின் பவுன்சர் ஸ்டீவ் ஸ்மித்தின் கழுத்தில், காதுக்குக் கீழே தாக்கியது. 80 ரன்னில் வெளியே போனவர் பரிசோதனைக்குப் பின் மீண்டும் வந்து ஆடி 92 ரன்னில் ஆட்டமிழந்தார். மறுநாள் காலையில்தான் தலைவலியும் மந்தமும் வந்தன. அந்த டெஸ்டின் மீதி ஆட்டத்திலும் அடுத்த டெஸ்டிலும் அவர் ஆடவில்லை. அவருக்குப் பதில் மார்னஸ் லாபுஷேன் இறங்கினார். தலையில் அடிபட்டவருக்கு மாற்று ஆட்டக்காரரை இறக்கலாம் என்ற விதியை ஐசிசி அந்த மாதம் 1ஆம் தேதிதான் நடைமுறைக்குக் கொண்டுவந்திருந்தது. டெஸ்ட் கிரிக்கெட்டில் அப்படி இறங்கிய முதல் ஆள் அவர்தான். உடனிருக்க மருத்துவர்கள், கையில் பரிசோதனைக் கருவிகள் எல்லாம் இருந்தும் முதல் நாள் அகப்படாதது மறுநாள் வெளிப்பட்டது. நம் மைதானத்தில் ஐஸ் கட்டியும் ஸ்பிரே டப்பாவும் வைத்திருக்கும் நண்பர் "ஒன்னுமில்ல" என்று சொல்வதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இதைவிடத் துயரமான ஒன்றும் உண்டு. இந்தியாவுக்காக டெஸ்ட் ஆடிய ரமன் லம்பா 1998 பிப்ரவரியில் டாக்காவில் ஒரு கிளப் போட்டியில் ஹெல்மெட் இல்லாமல் ஷார்ட் லெக்கில் நின்றார். பேட்ஸ்மேன் அடித்த பந்து அவர் தலையில் பட்டது. அவர் எழுந்து நடந்தே உடைமாற்றும் அறைக்குப் போனார். அதன்பின்தான் நிலைமை மோசமானது. மூளையில் இரத்தக் கசிவு. அறுவை சிகிச்சை செய்தும் மூன்று நாட்களில் இறந்துபோனார். இது மூளை அதிர்வைத் தாண்டிய காயம். ஆனால் தொடக்கத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். அடிபட்டவர் எழுந்து பேசுவார், நடப்பார், பிறகு மண்டைக்குள் கசியும் இரத்தம் மெல்ல மெல்ல மூளையை அழுத்தும். இடையில் வரும் அந்த நல்ல நேரத்தை நம்பி ஏமாந்தவர்கள் பலர்.

ஆகவே, அடிபட்ட முதல் 24 மணி நேரம் பிள்ளையைத் தனியே விடாதீர்கள். தலைவலி குறையாமல் கூடிக்கொண்டே போவது, திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, எழுப்பினால் எழாத அளவுக்கு மயங்கிய தூக்கம், பேச்சுக் குழறுவது, கை காலில் ஒரு பக்கம் பலமிழப்பது அல்லது மரத்துப்போவது, கண்ணின் கருமணி ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் இருப்பது, காதிலோ மூக்கிலோ தண்ணீர் போன்ற திரவமோ இரத்தமோ வடிவது, ஆள் அடையாளம் தெரியாமல் குழம்புவது, சிறிது நேரமேனும் நினைவிழந்தது, கழுத்தில் கடும் வலி, கைக்குழந்தையானால் உச்சிக்குழி மேலெழும்பி நிற்பது. இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே 108க்கு அழைத்து, சிடி ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். வாப்பா சபரில் இருக்கும் வீடுகளில் முதலில் அவருக்கு வீடியோ காலில் காட்டி, அவர் தன் காக்காவைக் கேட்டு, காக்கா மச்சானைக் கேட்டு முடிவெடுப்பதற்குள் ஒரு மணி நேரம் போய்விடுகிறது. இந்த அடையாளங்கள் இருந்தால் வீட்டில் இருக்கும் உம்மாவே முடிவெடுக்கலாம். சபரில் இருக்கும் வாப்பாமார்கள் இதை முன்கூட்டியே வீட்டில் சொல்லி வைத்துவிட்டால் நல்லது.

சாலை விபத்தாக இருந்தால், தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய "இன்னுயிர் காப்போம்: நம்மைக் காக்கும் 48" திட்டத்தில், திட்டத்தில் சேர்க்கப்பட்ட அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு நிர்ணயித்த வரம்பு வரை பணம் கட்ட வேண்டியதில்லை. காப்பீட்டு அட்டை இருக்கிறதா, ஊர்க்காரரா வெளியூர்க்காரரா என்று பார்ப்பதில்லை. பணத்துக்கு ஏற்பாடு செய்துவிட்டுப் போகலாம் என்று யாரும் காத்திருக்க வேண்டாம்.

விழுந்தவனைச் சுற்றிக் கூடுபவர்கள்

மைதானத்தில் ஒரு பையன் விழுந்தால் என்ன நடக்கிறது என்பதை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். நான்கு பேர் ஓடிப்போய்த் தூக்கி உட்கார வைப்பார்கள். ஒருவர் தலையில் தண்ணீர் ஊற்றுவார், இன்னொருவர் வாயில் ஊற்றுவார். வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பார்கள். பிறகு ஒரு பைக்கில் இருவருக்கு நடுவே உட்கார வைத்து, தலை தொங்கத் தொங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள். அன்பினால் செய்வதுதான். ஆனால் கழுத்தெலும்பிலும் அடிபட்டிருந்தால் இந்தப் பயணமே அவனைப் படுக்கையில் போட்டுவிடும்.

செய்ய வேண்டியது மிகக் குறைவு. அசையாமல் கிடந்தாலோ கழுத்து வலிக்கிறது என்றாலோ அவனை அப்படியே படுக்கவிட்டு, தலையும் கழுத்தும் திரும்பாதபடி ஒருவர் இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு, ஆம்புலன்சுக்குக் காத்திருக்க வேண்டும். ஹெல்மெட் போட்டிருந்தால் பழக்கமில்லாதவர்கள் கழற்ற வேண்டாம். வலிப்போ வாந்தியோ வந்தால் மூச்சு அடைபடாமலிருக்க, தலை, கழுத்து, உடல் மூன்றையும் ஒரே நேர்கோட்டில் வைத்து இரண்டு மூன்று பேராக ஒருக்களித்துத் திருப்பலாம். வாயில் எதையும் போடக் கூடாது, ஊற்றவும் கூடாது. வெறும் புடைப்பு மட்டும் என்றால் துணியில் சுற்றிய ஐஸ் கட்டியை வைத்தால் போதும். காயத்தில் காபித்தூளை அப்பும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. அதை விட்டுவிடுங்கள்.

தானாக எழுந்து உட்கார்ந்தவனிடம் பயிற்சியாளர் சில கேள்விகள் கேட்கலாம். இப்போது எந்த மைதானத்தில் இருக்கிறோம்? இது முதல் பாதியா, இரண்டாம் பாதியா? கடைசியாகப் புள்ளி எடுத்தது யார்? போன ஆட்டம் யாரோடு ஆடினோம், ஜெயித்தோமா? ஒன்றுக்குத் தடுமாறினாலும் ஆட்டம் அவனுக்கு முடிந்தது. எல்லாவற்றுக்கும் சரியாகச் சொல்லிவிட்டான், ஆனால் தலை வலிக்கிறது என்கிறான் என்றாலும் முடிந்ததுதான். சந்தேகம் வந்த அன்று மறுபடி இறக்கக் கூடாது என்பது உலகெங்கும் எல்லா விளையாட்டுக்கும் பொதுவான விதியாகிவிட்டது.

வேறொரு ஊரில் நடந்த கபடிப் போட்டிக்குப் போன நம் பையன் ஒருவனுக்கு எதிரணியினர் மடக்கிப் பிடித்தபோது முழங்கால் நெற்றிப்பொட்டில் மோதியது. இரண்டு நிமிடம் உட்கார்ந்தான். "எறங்கு மாப்ள, பைனலு" என்றார்கள், இறங்கினான். ரெய்டுக்குப் போனவன் நடுக்கோட்டுக்குத் திரும்பாமல் எதிரணியின் பின்கோட்டைத் தாண்டி வெளியே நடந்தான். கூட்டம் சிரித்தது. வேனில் வரும்போது யார் ஜெயித்தது என்று மூன்று முறை கேட்டிருக்கிறான், அதற்கும் சிரித்திருக்கிறார்கள். இரவில் வாந்தி எடுத்த பிறகுதான் உம்மாவுக்குச் செய்தி தெரிந்தது. அல்ஹம்துலில்லாஹ், இரத்தக் கசிவு இல்லை. ஆனால் முழுதாகத் தேறி வகுப்பில் உட்கார ஐந்து வாரம் ஆயிற்று. அந்தப் போட்டியை நடத்தியவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. நிறுத்தும் அதிகாரம் யாருக்கு என்று முன்பே முடிவு செய்து வைக்காததுதான் அங்கே இருந்த குறை.

முதல் அடி ஆறுவதற்குள் இரண்டாவது அடி பட்டால் வரும் ஆபத்தைப் பெற்றோர் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். ஏற்கெனவே குழம்பிக் கிடக்கும் மூளை சிறிய அடியிலும் கட்டுக்கடங்காமல் வீங்கிவிடுகிறது. அரிதாக நடப்பதுதான், ஆனால் நடந்தால் காப்பாற்றுவது மிகக் கடினம். அது நேர்வது பெரும்பாலும் சிறுவர்களுக்கும் இளைஞர்களுக்கும்தான். கனடாவில் ஒட்டாவா நகரின் பள்ளி மாணவி ரோவன் ஸ்ட்ரிங்கர், வயது 17, 2013 மே மாதத்தில் ரக்பி ஆட்டங்களில் ஆறு நாட்களுக்குள் மூன்று முறை தலையில் அடிபட்டு இறந்தார். தனக்குத் தலைவலி இருப்பதையும், இது கன்கஷனாக இருக்குமோ என்ற சந்தேகத்தையும் அவர் தோழிகளுக்குக் கைப்பேசியில் எழுதியிருந்தார். இணையத்திலும் தேடிப் பார்த்திருக்கிறார். பெற்றோரிடமும் பயிற்சியாளரிடமும் சொல்லவில்லை. 2018ல் ஒண்டாரியோ மாநிலம் அவர் பெயரிலேயே ஒரு சட்டம் இயற்றியது. இளம் வீரர்களும் பெற்றோரும் பயிற்சியாளர்களும் ஆண்டுதோறும் இதைப் பற்றிய குறிப்பைப் படித்திருக்க வேண்டும், சந்தேகம் வந்தவரை ஆட்டத்திலிருந்து எடுத்துவிட வேண்டும் என்பது அதன் சாரம்.

நம் பிள்ளைகளும் சொல்வதில்லை. சொன்னால் வாப்பா விளையாட விடமாட்டார், உம்மா மட்டையை அடுப்பில் வைத்துவிடுவார் என்ற பயம். "உன்னை யார் அங்கே போகச் சொன்னது?" என்பதுதான் அடிபட்டு வரும் பிள்ளை வீட்டு வாசலில் கேட்கும் முதல் கேள்வியாக இருக்கிறது. அந்தக் கேள்வியை ஒரு வாரம் தள்ளி வைத்துவிட்டு, "எங்கே வலிக்குது?" என்று கேட்டால் உண்மை வெளியே வரும்.

வீட்டில் வைத்துப் பார்ப்பது

மூளை அதிர்வைக் குணப்படுத்தும் மாத்திரை எதுவும் கிடையாது. தலைவலிக்குப் பிள்ளையின் எடைக்கேற்ற அளவில் பாராசிட்டமால் கொடுக்கலாம். முதல் ஒன்றிரண்டு நாட்கள் ஆஸ்பிரின், இபுபுரூபன் போன்றவற்றைத் தவிர்ப்பது நல்லது, இரத்தக் கசிவு இருந்தால் அவை அதைக் கூட்டக்கூடும். பதினாறு வயதுக்குட்பட்டவர்களுக்கு ஆஸ்பிரின் எப்போதுமே வேண்டாம்.

"தூங்க விடாதே" என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஸ்கேன் இல்லாத காலத்தில் சாதாரணத் தூக்கம் எது, மயக்கம் எது என்று தெரியாததால் வந்த பேச்சு அது. மருத்துவர் பார்த்து வீட்டுக்கு அனுப்பிய பிள்ளை, தெளிவாகப் பேசிக்கொண்டிருந்த பிள்ளை, தாராளமாகத் தூங்கலாம். தூக்கம்தான் மூளைக்கு நல்ல மருந்து. முதல் இரவு பக்கத்தில் படுத்துக்கொண்டு, மூச்சு சீராக இருக்கிறதா, தொட்டால் புரண்டு படுக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும். இடையில் எழுப்பிப் பார்க்கச் சொல்லி மருத்துவர் கூறியிருந்தால் அப்படியே செய்யுங்கள்.

ஓய்வு என்றால் இருட்டறையில் வாரக்கணக்கில் படுக்கப் போடுவது என்று முன்பு நினைத்தார்கள். அப்படி ஐந்து நாள் கட்டாயமாகப் படுக்க வைத்த பிள்ளைகளுக்குத் தொல்லைகள் கூடுதலாகவே இருந்தன என்று அமெரிக்க ஆய்வு ஒன்று 2015ல் சொன்னது. இப்போதைய முறை வேறு. முதல் ஒன்றிரண்டு நாட்கள் வீட்டோடு இருக்கட்டும். பேசட்டும், சாப்பிடட்டும், வீட்டுக்குள் நடக்கட்டும். தலைவலி கூடாத அளவுக்கு மெதுவாக வெளியே நடந்து வருவதும் நல்லது. ஆனால் அந்த இரண்டு நாளும் கைப்பேசியும் டிவியும் வேண்டாம். 12 முதல் 25 வயது வரையுள்ளவர்களைக் கொண்டு செய்து 2021ல் வெளியான ஓர் ஆய்வில், முதல் 48 மணி நேரம் திரையைத் தவிர்த்தவர்கள் பொதுவாக மூன்றரை நாளில் தேறினார்கள், திரை பார்த்தவர்களுக்கு எட்டு நாள் ஆனது. அழுகிற பிள்ளையை அமைதிப்படுத்த நாம் முதலில் நீட்டுவது எது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

படிப்பு விளையாட்டுக்கு முன்னால் வர வேண்டும். பெரும்பாலான பிள்ளைகள் நான்கு வாரத்துக்குள் தேறிவிடுகிறார்கள். ஏற்கெனவே ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கும், முன்பு அடிபட்டவர்களுக்கும் கூடுதல் நாள் ஆகலாம். அதுவரை பள்ளிக்கு அரைநாள் அனுப்புவது, இடையில் சற்று ஓய்வு கொடுப்பது, தேர்வைத் தள்ளி வைப்பது போன்றவற்றை ஆசிரியரிடம் மருத்துவர் சீட்டோடு போய்க் கேளுங்கள். கட்டுப் போட்ட கை கண்ணுக்குத் தெரியும், குலுங்கிய மூளை தெரியாது. அதனால்தான் "நடிக்கிறான்" என்ற சொல் இந்தப் பிள்ளைகள்மீது எளிதாக விழுகிறது. வயதுக்கு வந்த பெண் பிள்ளைகள் தலைவலி என்றால் அதற்கு வேறு காரணம் சொல்லி ஒதுக்கிவிடுகிறோம். த்ரோபாலும் கோகோவும் ஆடுகிற நம் பிள்ளைகள்தான் அவர்களும்.

ஹிஃப்ழு ஓதும் பிள்ளைகளின் உஸ்தாதுமார்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். மூளை அதிர்வு முதலில் தொடுவது நினைவையும் கவனத்தையும்தான். நேற்று வரை ஒரு பக்கம் சபக் கொடுத்த பிள்ளை இன்று கால் பக்கத்தில் தடுமாறினால், அடிபட்டதா என்று கேளுங்கள். புதிய சபக்கைச் சில நாள் நிறுத்தி, பழையதைக் கொஞ்சமாகக் கேட்டுக்கொண்டு வந்தால் தானாகத் திரும்பும். குனியும்போது தலைவலி கூடுகிற பிள்ளை ஸுஜூதுக்குச் சிரமப்படலாம். நோயாளிக்கு உள்ள சலுகையை நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. நோன்பும் அப்படியே. தண்ணீரும் உணவும் நேரத்துக்குப் போவது இந்த நாட்களில் அவசியம். கடமையான வயதுப் பிள்ளையானால் தேறிய பின் களாச் செய்துகொள்ளலாம்.

அடிப்பதைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். பள்ளியானாலும் மக்தபானாலும் வீடானாலும், பிள்ளையின் தலையில் குட்டுவதும் பிடரியில் அறைவதும் வேண்டாம். முகத்தில் அடிப்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருப்பதை ஓதிக் கொடுக்கும் நாம், ஓதிக் கொடுக்கும் இடத்திலேயே அதை மறக்கக் கூடாது. கைக்குழந்தையைக் கோபத்தில் பிடித்துக் குலுக்குவது அடியைவிட மோசம், அது உயிரையும் பார்வையையும் பறித்திருக்கிறது.

மறுபடி மைதானத்துக்கு

விளையாட்டுக்குத் திரும்புவது படிப்படியாக நடக்க வேண்டும். முதலில் அன்றாட வேலைகளும் நடையும். பிறகு மெதுவான ஓட்டம், சைக்கிள். அதன்பின் தனியாகப் பந்தோடு பயிற்சி. இதுவரை இலேசான தலைவலி இருந்தால்கூடப் பொறுத்துப் பார்க்கலாம். அணியோடு சேர்ந்து கடினமான பயிற்சிக்கு வரும்போது எந்தத் தொல்லையும் மிச்சமிருக்கக் கூடாது. மோதலுள்ள பயிற்சி மருத்துவர் அனுமதித்த பிறகுதான், போட்டி எல்லாவற்றுக்கும் கடைசியில். ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள். ஒரு படியில் தொல்லை கூடினால் முந்தைய படிக்கு இறங்க வேண்டும். பிரிட்டனில் 2023ல் பள்ளி, கிளப் விளையாட்டுகளுக்கு வெளியிட்ட வழிகாட்டுதலில், அடிபட்டவர் 21 நாளுக்குள் போட்டியில் ஆடக் கூடாது என்று வைத்திருக்கிறார்கள். நமக்கும் அது பொருத்தமான கணக்கு என்றே கருதுகிறோம்.

ஹெல்மெட் மண்டையோட்டைக் காக்கும், உயிரைக் காக்கும். மூளை குலுங்குவதை முழுதாகத் தடுக்காது. ஆகவே ஹெல்மெட் போட்டிருந்தான் என்பதால் அடிபட்டவனைச் சோதிக்காமல் விடக் கூடாது. பைக்கில் பின்னால் உட்காரும் பிள்ளைக்கும் நான்கு வயதுக்கு மேல் ஹெல்மெட் கட்டாயம் என்று சட்டம் சொல்கிறது. ஜும்ஆவுக்குப் பெட்ரோல் டேங்க்மீது உட்கார வைத்து அழைத்து வருகிற காட்சி வாராவாரம் பள்ளிவாசல் வாசலில் தெரிகிறது. ரமளான் இரவுகளில் தராவீஹுக்குப் பிறகு தெருவிளக்கில் ஆடும் ஆட்டத்தில் சுவரிலும் நிற்கும் வண்டியிலும் மோதுவதுதான் அதிகம். வெளிச்சமுள்ள திடலில் ஆடுங்கள். கால்பந்தில் சிறு பிள்ளைகளைத் தலையால் முட்டச் சொல்லிப் பழக்காதீர்கள். இங்கிலாந்தில் 2020 முதல் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளின் பயிற்சியில் அதை நிறுத்தியிருக்கிறார்கள்.

இந்த ஆண்டுப் போட்டிகளுக்கு டிரஸ்ட் செய்துள்ள ஏற்பாடு இது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இரு அணியையும் சேராத ஒருவர் எல்லைக்கோட்டில் இருப்பார். தலையில் அடிபட்டவரை வெளியே எடுப்பது அவர் முடிவு. நடுவரோ அணித்தலைவரோ பெற்றோரோ அதை மாற்ற முடியாது. அந்த இடத்துக்கு மாற்று ஆட்டக்காரரை இறக்கலாம், அதனால் அணிக்கு நட்டம் இல்லை. கழுத்தைத் தாங்கிப் பிடிப்பதையும் ஒருக்களித்துத் திருப்புவதையும் பழக, அணிக்கு இருவர் வீதம் போட்டிக்கு முந்தைய ஞாயிறு அஸருக்குப் பின் டிரஸ்ட் மாடிக்கு வர வேண்டும். பெயர் கொடுத்த பிள்ளைக்கு இதற்குமுன் தலையில் அடிபட்டிருந்தால், எப்போது என்பதைப் பெற்றோர் படிவத்தின் பின்பக்கத்தில் எழுதி ஒப்பமிட்டுக் கொடுக்கவும். படிவம் அலுவலகத்தில் கிடைக்கும்.